இரண்டு தடவை பின்னிய கை

நூல் கடையில் அன்று நடந்த பேச்சு மருமகளுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. மாமனார்தான் ஆரம்பித்தார்.

"இதுல என்ன நூல்னு போட்டிருக்கு, ஆபீசர்?"

அவள் ஆபீசர் இல்லை. ஆனால் பின்னல் பேட்டர்ன்கள் எல்லாம் அவருக்குத் தெரியாத மொழியில் அச்சாகி வந்ததாலும், அதைப் படித்துச் சொல்லும்போது அவள் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னதாலும், அவர் அவளுக்கு அந்தப் பதவியைக் கொடுத்திருந்தார்.

"சுத்தக் கம்பளி, மாமா. நாலு இழை முறுக்கினது."

"அதுக்குப் பதிலா வேற எதுவும் போடலாம்னு இருக்கா?"

"இல்ல மாமா."

"போடக் கூடாதுன்னு இருக்கா?"

"அப்படியும் இல்ல."

"அப்புறம் என்ன? கூடாதுன்னு சொல்லலைன்னா போடலாம்னுதான் அர்த்தம்." கடைக்காரம்மா பக்கம் திரும்பினார். "அந்த மேல் தட்டுல இருக்கிற நீலத்தை எடுங்க."

கடைக்காரம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "அது அக்ரிலிக் சார்."

"தெரியும். போன தடவையும் அதான் வாங்கினேன்."

"எனக்கும் தெரியும் சார். போன தடவை என்ன ஆச்சுன்னு உங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க."

மாமா மேல் தட்டிலிருந்து கண்ணை இறக்கினார். "அவ எதுக்கு இங்க வந்தா?"

"உங்களுக்கு இனிமே நூல் குடுக்க வேணாம்னு சொல்றதுக்கு."

அப்போதுதான் மருமகள் வாயைத் திறந்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு யாரும் கேட்காமலே அவள் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மாமா, லிஃப்ட்டுக்கு ரோப் மாத்துறீங்க. இரும்பு ரோப் கையில இல்ல. அதுக்குப் பதிலா நைலான் கயிறு கட்டுவீங்களா?"

"ஆள் போற லிஃப்ட்டுக்கா?"

"இதுக்குள்ளயும் ஆள்தானே மாமா போகப் போறாங்க."

கடைக்காரம்மா சிரிப்பை மறைக்க அலமாரி பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா தொண்டையைச் செருமினார். "ஆபீசர் சொல்லிட்டாங்க. கம்பளியே குடுங்க. ஆனா நீலம்தான்."

அந்தக் கம்பளி நூலால் பின்னாளில் தனக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தால், மாமா நைலான் கயிற்றுக்கே வாதாடியிருப்பார்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். மீசை அரும்பிய வயதில் ஒரு பராமரிப்புக் கம்பெனியில் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் அதே கம்பெனியின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். மனிதர்களை அவர் மாடி எண்ணை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார். நாலாவது மாடி டாக்டர், ஒன்பதாவது மாடி வக்கீல், பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் ஆறாவது மாடி. மகனுக்குப் பெண் கேட்டு மருமகளின் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோதும், கதவைத் திறந்த அவள் அம்மாவிடம் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "உங்க லிஃப்ட்ல கதவு உருளை தேஞ்சு போயிருக்கும்மா, சொல்லி வைங்க" என்றுதான் சொன்னார். சம்பந்தம் பேச வந்தவரா, புகார் விசாரிக்க வந்தவரா என்று அம்மா கொஞ்ச நேரம் குழம்பிவிட்டாள்.

கட்டடங்களின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறைதான் அவருக்கு ஆபீஸ். எண்ணெயும் சூடான இரும்பும் மணக்கும் அறை. 'இங்கே புகை பிடிக்காதீர்' என்று ஒவ்வொரு அறையிலும் அவரே தன் கையால் பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த எழுத்துக்குக் கீழே சாய்ந்துகொண்டுதான் அத்தனை வருஷமும் புகை பிடித்தார்.

ஒரு நாள் மத்தியானம் லிஃப்ட் நின்றுபோய்விட்டது என்று ஒரு கட்டடத்திலிருந்து கூப்பிட்டார்கள். நின்றுபோன லிஃப்ட்டைச் சரிசெய்ய மேலே போக வேண்டும். மேலே போக லிஃப்ட் இல்லை. படியில் ஏறினார். பாதி வழியில், படி திரும்பும் இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலாவது மாடி டாக்டர் அன்றைக்கு வீட்டில் இருந்தது அவர் அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பிவலையை வைத்து அனுப்பினார்கள். அதற்கு முன்னால் அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அந்தப் புகையும் நானும் இனிமே ஒரே வீட்டுல இருக்க முடியாது. எது வேணும்னு யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல."

மாமா யோசித்தார். யோசிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை அத்தை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அந்த வார்டில் ஒரு நர்ஸ், ஓய்வு நேரத்தில் மூலையில் உட்கார்ந்து குழந்தைத் தொப்பி பின்னிக்கொண்டிருப்பாள். மாமா படுத்தபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுக்கிறாள், அதற்குள் இன்னொன்று. ஆணி இல்லை, திருகு இல்லை, ஒட்டுவதற்கு எதுவும் இல்லை, ஆனாலும் நிற்கிறது. இயந்திரம் பழகிய மனசு சும்மா இருக்குமா? கேட்டே விட்டார். வீடு திரும்பும்போது அவர் கையில் மாத்திரைப் பையோடு ஒரு ஜோடி ஊசியும், கோணல்மாணலாக ஒரு பட்டையும் இருந்தன. சிகரெட் தேடுகிற விரல்களுக்கு இனிமேல் இதுதான் வேலை என்றார்.

"அதுக்குப் பதிலா இதுவா?" என்றாள் அத்தை.

"அதுக்குப் பதிலா இது."

அன்றிலிருந்து இந்தப் 'பதிலா' அவரைப் பிடித்துக்கொண்டது. புகைக்குப் பதிலாக ஊசியைப் பிடித்தவருக்கு, எதற்குப் பதிலாகவும் எதையும் வைத்துவிடலாம் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது. பேட்டர்ன் கேட்ட நூலை அவர் ஒரு தடவையும் வாங்கியதில்லை. கம்பளிக்குப் பதிலாகப் பருத்தி நூலில் அத்தைக்கு ஒரு முன்திறப்பு ஸ்வெட்டர் பின்னினார். பருத்தி தன் கனத்தால் தானே தொங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் இடுப்புவரை இருந்தது சாயங்காலம் முழங்காலைத் தொட்டது. "நைட்டி நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று அத்தை வேலை பார்க்கும் கடைக்கு வந்த ஒருவர் அவளைக் கேட்டாராம். மகனுக்கு வழுவழுப்பான நூலில் காலுறை பின்னினார். வெளியூரில் வேலை பார்க்கும் அவன், வார இறுதிக்கு வந்த இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தான். நடந்தான் என்று சொல்வதைவிட, கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தான் என்று சொல்லலாம். கடைசியாக அக்ரிலிக்கில் ஒரு மேல்சட்டை. அது அளவாகத்தான் வந்தது. அத்தை ஆசையாக இஸ்திரி போட்டாள். சூடு பட்டதும் பளபளவென்று மின்னிக்கொண்டு, உயிர் போன மாதிரி துவண்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவள் நூல் கடைக்கு நேரில் போனது.

பேட்டர்ன் தேர்ந்தெடுப்பதிலும் அவருக்கு ஒரே ஒரு நோய். கயிறு முறுக்கின மாதிரி வடம் வடமாக ஓடும் பின்னல் இருந்தால்தான் அந்தப் படத்தைப் பார்ப்பார். பூ, இலை, கட்டம் எல்லாம் கண்ணில் படாது. படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "இந்த வடம் வலது பக்கம் முறுக்கியிருக்கு. பக்கத்துல இருக்கிறது இடது. நல்ல வேலை. இவனுக்கு ரோப் தெரியும்" என்பார்.

"அதை வரைஞ்சது ஏதோ ஒரு பொம்பளையா இருக்கும்" என்பாள் அத்தை.

"அப்ப அவங்க வீட்டுக்காரர் லிஃப்ட் கம்பெனியில இருப்பார்."

அத்தை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் முகத்துக்கு ஃபிரேம் பொருத்திப் பார்த்து, காது வளைவைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுக்கிற வேலை. அவள் நாற்காலிக்கு நேர் மேலே ஏ.சி. முதலாளி இடம் மாற்றித் தர மாட்டார், ஏ.சி.யும் திசை மாறாது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தோள்பட்டை விறைத்திருக்கும். அவள் கண் கழுகுக் கண். அரை மில்லிமீட்டர் சாய்வு இருந்தால் பிடித்துவிடுவாள். ஆனால் ஓயாத மூக்கடைப்பு. பால் பொங்கி அடுப்பில் கருகினாலும் தெரியாது. "என் மூக்கு கண்ணாடி தாங்குறதுக்கு மட்டும்தான்" என்று அவளே சொல்வாள்.

இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புகை நின்றுவிட்டதா என்று கண்டுபிடிக்க அந்த வீட்டில் இருந்த ஒரே காவல்காரிக்கு மோப்பம் கிடையாது. மாமாவின் சொல்லை மட்டும் நம்பித்தான் அவள் இருந்தாள்.

நீலக் கம்பளி வந்தது அந்தத் தோள்பட்டைக்காகத்தான். முன்னும் பின்னும் இரண்டிரண்டு வடம், கையில் ஒவ்வொன்று. மருமகள் வீட்டுச் சாதனங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கிறவள். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தக் குமிழை எப்போது திருப்ப வேண்டும் என்று இன்னொரு மொழியில் எழுதியிருப்பதைத் தமிழாக்கித் தருவது அவள் தொழில். ஒரு வரியை விட்டுவிட்டால் யார் வீட்டிலாவது தண்ணீர் வழியும். அதனால் பேட்டர்னையும் அவள் அந்தக் கண்டிப்போடுதான் படித்தாள்.

"முதல்ல ஒரு மாதிரித் துண்டு பின்னணும்னு இருக்கு மாமா."

"எதுக்கு?"

"உங்க கை இறுக்கமா, தளர்வான்னு பாக்க. அதை அளந்து பாத்துட்டுதான் ஸ்வெட்டரைத் தொடங்கணும்."

"நூல் வேஸ்ட், நேரம் வேஸ்ட்" என்று தொடங்கியவர், நடுவில் நிறுத்தினார். "அதாவது காலி லிஃப்ட்டை ஓட்டிப் பாக்குற மாதிரி?"

அவள் தலையாட்டினாள்.

"இதை இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லல?"

"ஒவ்வொரு பேட்டர்ன்லயும் முதல் வரியே அதுதான் மாமா. நீங்கதான் 'அடுத்தது படி'ன்னு சொல்வீங்க."

சமையலறையிலிருந்து அத்தையின் சிரிப்பு கேட்டது. மாமா மாதிரித் துண்டு பின்னினார். ஊசி ஒரு அளவு பெரிது என்று தெரிந்தது, மாற்றினார். அப்படிப் பார்த்தால் அவர் பின்னினவற்றிலேயே காலி ஓட்டம் பார்த்துத் தொடங்கிய முதல் வண்டி அதுதான்.

பின்புறம் முடிந்தது. முன்புறம் முடிந்தது. அவை பெரிய துண்டுகள், வெளியே தூக்கிக்கொண்டு போக முடியாது; வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து பின்னினார். கைகள் சின்னவை. சாப்பாட்டுப் பையிலேயே ஊசியும் நூலும் அடங்கும். மோட்டார் அறையில் மத்தியானம் சாப்பிட்ட பிறகு பின்னிக்கொள்ளலாம் என்று எடுத்துப் போனார். வலது கை வந்தது. பிறகு இடது கை.

இடது கை வளர்ந்துகொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அவருக்கு நெஞ்சுப் பரிசோதனை. வழக்கமாக வருஷா வருஷம் செய்வதுதான், ஆனால் இந்தத் தடவை ஆஸ்பத்திரி டாக்டர் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு டெஸ்ட் எடுத்துடலாம்" என்றாராம். முடிவு வர வாரக் கடைசி ஆகும். வீட்டில் மாமா என்றைக்கும் இல்லாத உற்சாகத்தோடு இருந்தார். ஆறாவது மாடிக் கதைகளை இரண்டு தடவை சொன்னார். அத்தையும் இரண்டு தடவை சிரித்தாள். மருமகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். முடிவு நல்லபடியாக வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததாக யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"தைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் தண்ணியில நனைச்சு, அளவு பாத்து விரிச்சுக் காயவைக்கணும்" என்று பேட்டர்னின் கடைசிப் பகுதி சொன்னது. அதுவரை அந்தப் பகுதிக்கு மாமா வந்ததே இல்லை. அது என்னமோ துவைக்கிற வேலை மாதிரி இருக்கிறது என்று மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவளுக்கு அன்று விடுமுறை.

குளியலறையில் அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்துப் பின்புறத்தை அமுக்கினாள். ஈரமானதும் கம்பளி செம்மறி ஆட்டின் வாசத்தை வெளியே விட்டது. முன்புறமும் அப்படித்தான். வலது கையும் அப்படித்தான், கூடவே லேசாக மோட்டார் எண்ணெய். இடது கையை அமுக்கினாள். குமிழிகள் வந்தன. வாசமும் வந்தது.

அவள் கையை எடுக்காமல் அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தாள். அந்த வாசத்தை அவளுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சின்ன வயதில் அப்பாவின் சட்டைகளை வாளியில் ஊற வைப்பது அவள் வேலை. தண்ணீர் பட்டவுடன் சட்டையிலிருந்து முதலில் எழுந்து வருவது அதுதான். அப்பா போன பிறகு பீரோவைத் திறந்தபோதும் அதுதான் வந்தது.

அக்ரிலிக்காக இருந்திருந்தால் ஒரு அலசலில் போயிருக்கும். கம்பளி எதையும் எளிதில் விடாது. நைலான் கயிறு, இரும்பு ரோப் என்று கடையில் வாதாடிச் சுத்தக் கம்பளி வாங்க வைத்தது யார் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அந்தக் கையை மட்டும் இரண்டாவது தடவை அலசினாள். மூன்றாவது தடவை சோப்பை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அலசி அலசிப் போக்கிவிட முடியும் என்றுதான் தோன்றியது. போக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. அத்தைக்கு எப்படியும் தெரியப்போவதில்லை. ஒரு வரியை விட்டுவிட்டுக் கையேட்டை அனுப்புவது மாதிரிதான். தண்ணீர் உடனே வழியாது. ஆனால் இந்த இயந்திரம் ஒரு தடவை படியில் உட்கார்ந்த இயந்திரம். மற்ற மூன்று துண்டுகளையும் துவாலை விரித்துக் காயப் போட்டாள். இடது கையைத் தனியே பால்கனிக் கொடியில் போட்டாள்.

சாயங்காலம் மாமா வந்து முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், அந்தக் கையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இந்தக் கை மட்டும் திரும்பப் பின்னணும் மாமா."

"ஏன், அளவு தப்பா?"

"அளவு சரிதான்."

"வடம் தப்பா முறுக்கிட்டேனா?"

"வடமும் சரிதான்."

மாமா அவளைப் பார்த்தார். அவள் மேஜை விரிப்பின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் மடியில் கிடந்த பின்னலை எடுத்தார். இன்னும் ஈரம் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

அத்தை உள்ளே வந்தாள். "என்ன, மாமனாரும் மருமகளும் துணியை மோந்து பாக்குறீங்க? புதுசா நாய் வேலை ஏதும் கிடைச்சிருக்கா?"

"கம்பளி நனைஞ்சா ஆட்டு வாசம் வருமாம்" என்றார் மாமா.

"ஆட்டுல இருந்து எடுத்தா ஆட்டு வாசம்தான் வரும். மல்லிகைப்பூ வாசமா வரும்?" என்று சொல்லிக்கொண்டே அவள் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கே மாமா இடது கையை அவிழ்க்க ஆரம்பித்தார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை பின்னியதை, தோளிலிருந்து மணிக்கட்டுவரை இழுத்துக்கொண்டே போனார். நூல் சுருள் சுருளாக வந்து விழுந்தது. நடுவில் ஓர் இடத்தில் கண்ணிகள் கல் மாதிரி இறுகிக் கிடந்தன. அங்கே மட்டும் நூல் வர மறுத்தது. அவர் அதை நகத்தால் நெம்பினார். அவிழ்த்த நூலை அலசி, சுருள் நிமிர்வதற்காக நுனியில் ஒரு ஸ்பேனரைக் கட்டிப் பால்கனியில் தொங்கவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஏதாவது ரிப்பேரா என்று கேட்டார். "ஆமா" என்றார் மாமா.

அத்தை ஒரு நாள் பொறுத்தாள். அடுத்த நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்: "முடிஞ்ச கையை ஏன் பிரிச்சீங்க? எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, கணக்கு தெரியும்ல?"

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து முடிக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. மருமகள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ உக்காரும்மா" என்றார். பிறகு அத்தையிடம் சொன்னார்: "டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும், மோட்டார் ரூம்ல, நான் பிடிச்சேன்."

"எதை?"

"அதைத்தான்."

அத்தை தண்ணீர் ஜாடியைக் கீழே வைத்தாள். "எவ்வளவு?"

"ஒரு பாக்கெட் வாங்கினேன். முழுசா பிடிக்கல. நூல் பையிலயே கிடந்துது. மிச்சத்தை நாலாவது மாடி டாக்டர்கிட்ட குடுத்துட்டேன்."

"டாக்டர்கிட்டயா?"

"தூக்கிப் போடச் சொல்லித்தான் குடுத்தேன். அவரும் விட முடியாம கஷ்டப்படுறார்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

"அவர் என்ன பின்னுறார்?"

மருமகளுக்குத் தொண்டையில் சோறு மாட்டிக்கொண்டது. ஆனால் அத்தை சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. அன்று கழுவ அவ்வளவு பாத்திரம் இல்லை. திரும்பி வந்து, ஈரக் கையோடு மேஜைக்கு எதிரில் நின்றாள்.

"பயமா இருந்தா என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீயும்தானே பயந்துட்டிருந்தே. ஆறாவது மாடிக் கதையை ரெண்டாவது தடவை சொன்னப்பவும் சிரிச்சே."

அத்தை கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள். அரை மில்லிமீட்டர் சாய்வு பிடிக்கிற பார்வை. பிறகு, "சரி, அந்தக் கையைச் சீக்கிரம் முடிங்க. கடையில குளிருது" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டாள். அவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் நினைவு வந்தது, திரும்பவும் போட்டாள்.

இடது கை இரண்டாவது தடவை வளர்ந்தது. இந்தத் தடவை அது அவரோடு வேலைக்குப் போகவில்லை. அத்தையின் பக்கத்தில், டி.வி. முன்னால் வளர்ந்தது. அவள் இருப்பதால் பின்னல் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது. ஒவ்வொரு பத்து வரிசைக்கும் தன் கையை நீட்டி, "போதுமா பாருங்க" என்று அளவு கொடுத்துக்கொண்டே இருந்தாள். மருமகள் நனைத்தாள். ஆட்டு வாசம் மட்டும்தான் வந்தது. அதை அவள் சொல்லவில்லை. ஆனால் மாமா குளியலறை வாசலில் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, "எல்லாம் காய வெச்சுடலாம் மாமா" என்றாள். அவர் தேடியது கிடைத்துவிட்டது போலப் போய்விட்டார்.

ஸ்வெட்டர் அளவாக வந்தது. அத்தை போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். "கழுத்து கொஞ்சம் பிடிக்குதே."

"பிடிக்கல, உனக்குப் பழக்கமில்ல. இதுவரைக்கும் நான் பின்னினது எதுவும் உன் உடம்பைத் தொட்டதில்லையே" என்றார் மாமா.

அவள் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். அன்றைக்கு யாரும் அதை நைட்டி என்று சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாராம். "வாங்க முடியாது, லிஃப்ட் கம்பெனியில மட்டும்தான் செய்வாங்க" என்று அத்தை பதில் சொன்னதாக வீட்டில் வந்து சொன்னாள்.

அடுத்தது மருமகளுக்கு என்று மாமா அறிவித்தார். அளவு கேட்டதற்கு அவள், "எப்படி வந்தாலும் பரவால்ல மாமா" என்றாள். "இவளை மாதிரி நாலு பேர் இருந்தா என் தொழிலே கெட்டுடும்" என்று சொல்லி, அவரே நாடாவை எடுத்து அத்தையிடம் கொடுத்து அளக்கச் சொன்னார். நூல் கடையில் கடைக்காரம்மா இந்தத் தடவை அவளாகவே மேல் தட்டைக் காட்டி, "புது அக்ரிலிக் வந்திருக்கு சார், இஸ்திரி போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்று சீண்டினாள். மாமா தலையை நிமிர்த்தவே இல்லை. "நனைஞ்சா ஆட்டு வாசம் வர்றதாப் பாத்துக் குடுங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பால்கனியில் அந்தப் புது நூலைப் பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மருமகள் இரண்டு கையையும் நீட்டி நூல் கற்றையைத் தாங்கிக்கொண்டிருந்தாள்; மாமா சுற்றினார். அப்படி இரண்டு கையும் கட்டுப்பட்டிருக்கிற ஆளால் எழுந்து போக முடியாது என்பதைப் பார்த்துத்தான் அவர் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். உள்ளே அத்தை ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள்.

"ஆபீசர், ஒரு வேலை சொல்லணும்."

"சொல்லுங்க மாமா."

"இனிமே நான் எதைப் பின்னினாலும் நீதான் நனைச்சுப் பாக்கணும். தொப்பியா இருந்தாலும் சரி. நான் வேணாம்னு சொன்னாலும் நனைக்கணும். வேணாம்னு சொன்னா கட்டாயம் நனைக்கணும்."

"சரி மாமா."

பந்து அவர் கையில் ஒரு சுற்று, இரண்டு சுற்று பெருத்தது. உள்ளே பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது.

"வாசம் வந்தா சுத்தி வளைக்காம என்கிட்ட சொல்லிடு. அளவு சரி, வடம் சரின்னு எல்லாம் வேணாம். நேரா சொல்லிடு. சொல்லிட்டு எனக்கு ஒரு நாள் குடு. உங்க அத்தைகிட்ட நானே போய்ச் சொல்றதுக்கு." நூலை இழுத்து இறுக்கினார். "அந்த ஒரு நாள்ல நான் சொல்லலைன்னா, நீ சொல்லிடும்மா."